கிட்டங்கிக்கு வந்த சீனப் பட்டதாரி

சிலமலை ஊர்க்காரி சுசித்ரா மூன்று வருடம் சீன மொழி படித்தவள். அவள் படித்த தனியார் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் வகுத்தவர் துறைத்தலைவர் ஜெகதீஷ். 'வேலைக்குக் கைகொடுக்கும் சீனம்' என்று சேர்க்கைக் கையேட்டில் அச்சடித்திருந்தார். வகுப்பறையைத் தவிர வேறு வேலை அறியாத மனிதர். கற்றுக்கொடுத்ததோ நிலாக் கவிதை, தூரிகை எழுத்து, தேநீர் ஊற்றும் முறை.

படிப்பு முடிந்ததும் போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் மகாராஜனின் கிட்டங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். பச்சைக் காயையும் வெளிறிய காயையும் பிரிக்கிற சீன மிஷின் அங்கே உண்டு. இரண்டாம் வாரமே அது நின்றது. திரையில் சிவப்பாக நான்கு எழுத்து.

"வெரசாச் சொல்லு ஆத்தா, நாளைக்கு ஏலம்" என்று மகாராஜன் அவசரப்படுத்தினார்.

முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. தூரிகையால் நூறு முறை எழுதியதாயிற்றே. "காத்துன்னு போட்டிருக்குண்ணே."

"காத்து போடிமெட்டுலதான் நல்லா அடிக்குது. அதுக்கா மூணு வருசம்?"

காற்றழுத்தம் போதவில்லை என்பதுதான் செய்தி. கம்ப்ரஸர் குழாயில் ஓட்டை. அது தெரியாமல் எட்டுப் பெண்கள் பொழுது சாயும்வரை கையால் காய் பொறுக்கினார்கள். அதன்பிறகு சீனாவிலிருந்த மிஷின் கம்பெனி மெக்கானிக்கிடம் போனில் திட்டு வாங்கி வாங்கியே ஒரு வருடத்தில் சீனம் கற்றாள்.

அடுத்த ஜூனில் சித்தப்பா மகள் பவித்ராவும் அதே படிப்பில் சேருவதாக இருந்தாள். அதற்குச் சில மாதம் முன்னால், பழைய மாணவி என்று பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்குச் சுசித்ராவைக் கூப்பிட்டார்கள். தங்கைக்காவது உருப்படியாக அமையட்டும் என்று போனாள். "ஒரு பருவம் ஏதாவது கம்பெனியில வேலை பாக்க விடுங்க சார். போன்ல பேசவும், மிஷின் புத்தகம் படிக்கவும் பழக்குங்க" என்றாள். கொண்டுபோன மிஷின் புத்தகத்தை ஜெகதீஷ் முன்னால் விரித்தாள்.

ஜெகதீஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதெல்லாம் மெக்கானிக் சமாச்சாரம்மா. நாங்க பண்பாடு சொல்லித்தர்றோம்" என்றவர், கையேட்டுக்கு அவளை ஒரு படம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

ஏப்ரலில் புதுக் கையேடு வந்தது. அட்டையில் சுசித்ரா சிரித்தாள். உள்ளே தேநீர் ஊற்றும் பாடம் இரண்டு பருவமாக நீண்டிருந்தது.

ஏலத்தில் மாதிரிக்கு வைத்த காயை வியாபாரிகள் தட்டில் கொட்டிப் பார்ப்பார்கள். பார்த்த கையோடு தரையில் கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். மகாராஜன் கையேட்டையும் அப்படித்தான் புரட்டிப் பார்த்துக் கீழே போட்டார்.

அந்நேரம் பவித்ரா போன் செய்தாள். "அக்கா, அட்டையில ஒன் படம்! சேந்துரவா?"

"நீ கிட்டங்கிக்கு வா. சீனம் நான் சொல்லித் தர்றேன். டீ ஊத்தணும்னா பஸ் ஸ்டாண்டு கடையில பழகிக்க."