கிராஸிங் ஜோடி

தினமும் அந்த ரயிலில் போய்வருகிறவர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் 'கிராஸிங் ஜோடி'. அவள் ஆஸ்பத்திரி லாண்டரியில் பகல் வேலை. அவர் குளிர்பதனக் கிடங்கில் ராத்திரிக் காவல். ஒற்றைத் தண்டவாளம் என்பதால் காலையிலும் மாலையிலும் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களும் அவர்கள் ஊர் நிலையத்தில்தான் ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும். காலையில் அவர் இறங்குவார், அவள் ஏறுவாள். மாலையில் அவள் இறங்குவாள், அவர் ஏறுவார். நடுவில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த இரண்டு பேரும் குடும்பம் நடத்தினார்கள்.

"கேஸ் தீரப் போகுதுங்க."

"சொல்லிடறேன். நீ மாத்திரை போட்டியா?"

"அதெல்லாம் போட்டாச்சு. உங்க அக்கா போன் பண்ணாங்க. கோவமா இருக்காங்க."

"அவ என்னைக்குக் கோவமில்லாம இருந்திருக்கா?"

இப்படித்தான் போகும். மகளுக்கு வந்த வரனை வேண்டாம் என்று அவர் முறுக்கிக்கொண்டதும், அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், கடைசியில் அவர் இறங்கி வந்ததும் எல்லாம் அதே பெஞ்சில்தான். கூட நின்றவர்களில் பாதிப் பேர் அவள் கட்சி, பாதிப் பேர் அவர் கட்சி. கல்யாணத்துக்கு ரயில் பெட்டியே திரண்டு வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேச்சே கிடையாது. அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள், எதற்கென்றே இப்போது அவளுக்கு நினைவில்லை, பகலில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி அவர் வேலையில் கண்ணயர்ந்து போனார், வேலையும் போயிற்று. அதற்கப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். பிளாட்பாரம் பேசுவதற்கு, வீடு தூங்குவதற்கு. தூங்குகிறவரை இன்னொருவர் எழுப்பக் கூடாது, வீடே இடிந்து விழுந்தாலும் சரி. பின்னறை ஜன்னலுக்கு அவர் கறுப்புத் துணி தைத்து மாட்டினார். முன்னறைக் கட்டிலில் அவள் தூங்கும்போது அவர் வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே போவார்.

அப்புறம் வந்தது பாருங்கள் அந்த அறிவிப்பு. இரட்டைப் பாதை போடுகிறார்களாம், பிளாட்பாரத்தை நீட்டுகிறார்களாம், அதனால் நிலையம் தற்காலிகமாக மூடப்படுகிறதாம். தற்காலிகம்! யார் வாயிலிருந்து வந்த வார்த்தையோ. அவர்களுக்கென்ன, கார் இருக்கிறது. தகரத் தடுப்பு வைத்து அடைத்தார்கள், பெஞ்சைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், மழைக்காலம் வந்து போயும் தடுப்பு அப்படியே நின்றது. இரட்டைப் பாதை வந்துவிட்டால் ஒரு ரயிலுக்காக இன்னொரு ரயில் நிற்க வேண்டியதே இல்லை என்று யாரோ சொன்ன அன்றைக்கு, அவள் தகர இடுக்கு வழியாகப் பெஞ்ச் இருந்த இடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

ரயிலுக்குப் பதிலாக பஸ் விட்டார்கள். அது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு ஆடி அசைந்து போகும். அவர் வருவதற்கு முன்பே அவள் கிளம்ப வேண்டும். அவள் திரும்புவதற்கு முன்பே அவர் கிளம்ப வேண்டும். வருகிற பஸ் மேட்டுக்குக் கீழே சந்தை முனையில் இறக்கிவிட்டது, போகிற பஸ் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்து புறப்பட்டது. எதிரே பார்த்துக் கையாட்டக்கூட வழியில்லை. அவருக்கு மாற்றாக வாரம் ஒருநாள் வந்துகொண்டிருந்த ஆளும் ரயில் இல்லாமல் முடியாது என்று நின்றுவிட்டதால் அவருடைய லீவும் போயிற்று. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். அவளுக்கு லீவு. அவர் எழுந்து, குளித்து, டீ குடித்துக் கிளம்புகிற அந்த அரைமணி.

போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அவருடையதைக் கிடங்கு வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். லாண்டரியில் துணி தேய்க்கிற உருளை இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலே கேட்காது. "சாப்டீங்களா" என்று இவள் அனுப்புவாள். "ஆச்சு" என்று எப்போதோ ஒரு பதில் வரும். முகத்தைப் பார்க்காமல் என்னத்தைக் கேட்பது, என்னத்தைச் சொல்வது?

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா கையில் துணியோடு ஓடிவந்தாள்.

"ஏங்க, உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"காலைல மேடேறி வந்தவரு எங்க வாசப்படியிலயே உக்காந்துட்டாரு. மூச்சு வாங்குது. தண்ணி குடுத்தேன். கேட்டா, பஸ் குலுக்கல்மான்னு சிரிக்கிறாரு. எனக்கென்னவோ மனசு கேக்கல."

அவளுக்குச் சுருக்கென்றது. பழைய மாதிரி இருந்தால் அவர் பெட்டியிலிருந்து இறங்குகிற விதத்திலேயே தெரிந்திருக்கும். முகம் கொஞ்சம் வாடியிருந்தாலும், "என்ன, ராத்திரி டீ குடிக்கலையா?" என்று பிடித்துவிடுவாள். இப்போதோ மாதக் கணக்கில் அவள் பார்த்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கறுப்புத் துணி போட்ட இருட்டு அறையில் போர்வைக்குள் கிடக்கிற ஓர் உருவத்தையும், குளித்துவிட்டு அவசரமாக டீ குடித்துக் கிளம்புகிற முகத்தையும்தான். அவருக்குக் கட்டி வைக்கிற சாப்பாட்டு டப்பாவில் முட்டை அப்படியே திரும்பி வந்ததையும் பார்த்தாள். சலித்துப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள், மடச்சி!

"உடம்புக்கு என்ன?" என்று செய்தி அனுப்பினாள். "ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை பேசலாம்" என்று பதில் வந்தது. ஆஸ்பத்திரியில் தெரிந்த நர்ஸைப் பிடித்து, திங்கட்கிழமை இதய டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தாள். மனுஷர் லேசில் சம்மதிக்க மாட்டார். என்ன சொல்லி இழுத்துக்கொண்டு போவது என்று வாரம் முழுக்க விரிப்புகளை மடித்தபடியே மனசுக்குள் பேசிப் பார்த்தாள். கெஞ்சிப் பார்ப்பது, மகளை விட்டுச் சொல்லச் சொல்வது, எதற்கும் மசியாவிட்டால் அழுதுவிடுவது. அவள் அழுதால் அவர் தாங்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கண்விழித்தபோது விடிந்து வெகுநேரமாகியிருந்தது. வாரத்துக் களைப்பு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறாள். அவர் எப்போதோ வந்து படுத்துவிட்டார். பின்னறைக் கதவை லேசாகத் திறந்து பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி, போர்வையை இழுத்து மூடியிருந்தார். எழுப்பிக் கேட்டுவிடலாமா என்று ஒரு நொடி கை பரபரத்தது. சே, பாவம், ராத்திரியெல்லாம் கண் விழித்த மனுஷர். எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவள் அந்த வீட்டை எப்படிக் காத்தாள் தெரியுமா! பாத்திரத்தைத் துணி விரித்து வைத்தாள். குழாயை நூல் மாதிரி திறந்தாள். தெருவில் பந்தாடிய பிள்ளைகளிடம் போய், "கண்ணுங்களா, அந்தப் பக்கம் ஆடுங்க, மாமா தூங்குறாரு" என்று கும்பிடாத குறையாகக் கேட்டாள். மகள் போன் செய்தபோது வாசலுக்கு வந்து குசுகுசுவென்று பேசினாள்.

"அப்பாகிட்ட குடும்மா."

"தூங்குறாருடி."

"எப்பக் கேட்டாலும் தூங்குறாருங்கற."

"நல்லாத் தூங்கட்டும்டி. பாவம், இன்னைக்குத்தான் பொரளாம கொள்ளாம தூங்குறாரு."

சாயங்காலமாயிற்று. அவர் எழுந்திருக்கிற நேரம் தாண்டியது. பஸ் போய்விடுமே என்று பதறினாள். போகட்டும், ஒருநாள் போகாவிட்டால் என்ன என்றும் தோன்றியது. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலோரம் உட்கார்ந்தாள். சட்டத்தை மீறுகிற தயக்கத்தோடு, "என்னங்க" என்றாள், மெதுவாக. அப்புறம் தோளைத் தொட்டாள். தோள் ஜில்லென்று விறைத்திருந்தது.

அவள் போட்ட சத்தத்தில் தையல்காரம்மா ஓடிவந்தாள், பந்தாடிய பிள்ளைகள் ஓடிவந்தார்கள், தெருவே வந்தது. தெருக்கோடி டாக்டரை யாரோ கூட்டிவந்தார்கள். இளவயதுக்காரர். கறுப்புத் துணியை விலக்கச் சொல்லி, கையைத் தூக்கிப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார்.

"போய் ரொம்ப நேரம் ஆச்சும்மா. காலையிலயே போயிருக்கணும். ஹார்ட்தான்."

"காலைலயேவா?" என்றாள் அவள். பகல் பூராவும் தான் நுனிக்காலில் நடந்தது யாருக்காக என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "நான் சத்தமே போடலியே டாக்டர், பாத்துப் பாத்துத்தானே இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தையல்காரம்மா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தலையணையைக் காட்டினார். வேர்வையில் ஊறிக் காய்ந்த கறை. போர்வையின் ஒரு முனை பல் பதிந்து கசங்கியிருந்தது.

"திடீர்னு வந்ததில்லம்மா இது. நல்லா வலிச்சிருக்கு. கொஞ்ச நேரம் தாங்கிட்டுத்தான் கெடந்திருக்காரு. நீங்க வீட்லதானே இருந்தீங்க? உங்களக் கூப்பிடலையா?"

அவள் முன்னறைக் கட்டிலைப் பார்த்தாள்.

"நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றாள். "தூங்கினா எழுப்ப மாட்டாருங்க."