குப்பைக் கிடங்குக்குக் கிழக்கே எஸ்தர் டீச்சர்

வாடிப்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எஸ்தர் டீச்சரின் தம்பி தேவராஜ் போன் செய்தான். "அண்ணே, அக்கா போயிட்டாங்க. மூச்சுத் திணறலு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குங்கூட தாங்கலண்ணே." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம்.

மிஷன் பள்ளியில் நான் கணக்கு, அவர் புவியியல். இருவருக்கும் வீடு ஒரே காலனியில், நாகமலை புதுக்கோட்டைக்குப் போகிற வழியில். சொந்த நிலமில்லாமல் வயல்கூலிக்குப் போனவர்களுக்கு ஒரு காலத்தில் பட்டா கொடுத்த இடம் அது. அதற்கு மேற்கே குப்பைக் கிடங்கு வந்தது. முதலில் அதற்குக் குறித்திருந்த இடம் டாக்டர்களும் பெரிய உத்தியோகஸ்தர்களும் குடியிருக்கும் ஒரு நகருக்குப் பின்னால். அங்கிருந்து நாலு பேர் காரில் போய்ப் பேசினார்கள், கிடங்கு எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் டீச்சர். அந்தக் காற்றைத்தான் கடைசிவரை சுவாசித்தார்.

பிறகு புதிய மாஸ்டர் பிளான் என்றார்கள். கருத்துக் கேட்கும் கூட்டத்தை வேலைநாள் காலையில், கே.கே. நகரில் ஓர் ஏ.சி. மண்டபத்தில் வைத்தார்கள். கூலியை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் யார் வருவார்கள்? நாங்கள் இருவரும் லீவு போட்டுப் போனோம். திரையில் கிடங்கை விரிவாக்கப்போகிற இடத்தைக் காட்டினார்கள். எங்கள் காலனி அதில் வெறும் பச்சை, காலி நிலம். டீச்சர் எழுந்து போய்த் திரைக்கு முன்னால் நின்றார். வரைபடம் முழுக்க அவர் சேலையில் விழுந்தது.

"மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மேப் தெரியல" என்றார் திட்ட அதிகாரி.

"நான் நிக்கிற இடந்தான் சார் எங்க வீடு. இதுக்கு மேல எங்கிட்டுத் தள்ளி நிக்க?"

அதற்குப் பிறகு அந்த அதிகாரி சிலமுறை நேரில் பார்வையிட வந்தார். அவர் வரப்போவது ஆபீஸ் வழியாகத் தெரிந்து, முந்தின நாளே கிடங்கில் மண்ணைப் போட்டு மூடி, பிளீச்சிங் பவுடர் தூவி, குப்பை லாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இதே கூத்து. அவர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு" என்று போய்விடுவார்.

டீச்சர் அதன்பிறகு மனுக் கொடுக்கவில்லை. அந்த அதிகாரியும் கிறிஸ்தவர்தான். எங்கள் காலனித் தேவாலயத்தில் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் அசனத்துக்கு டீச்சர் அவரை விருந்தாளியாக அழைத்தார். விருந்துக்குப் போவதை யாரும் ஆபீசில் சொல்லிவிட்டுப் போவதில்லையே. பவுடர் வரவில்லை, லாரிகள் நிற்கவில்லை, ஆடிக்காற்று மட்டும் நன்றாக வீசியது. இலையில் சோறு விழுமுன் ஈ விழுந்தது. மனிதர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். எழப் பார்த்தார்.

"பந்தி முடியுமுன்ன எந்திரிக்கக் கூடாது சார், சபைக்கு மனக்கஷ்டமாயிரும்" என்று டீச்சர் அவர் முன்னால் வந்து நின்றார். "இம்புட்டுத்தானா சாப்பிடுவீங்க? எங்க பிள்ளைக இதே இடத்துல மூணு வேளையும் சாப்பிடுதுக." அள்ளி அள்ளி வைத்தார். பழிவாங்குவதில் அவ்வளவு மரியாதையை நான் வேறு எங்கும் கண்டதில்லை. கிடங்கை மாற்றிவிடுவதாக அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தே, எல்லோர் காதிலும் விழும்படி, அதிகாரி வாக்குக் கொடுத்தார்.

மாற்றவில்லை. விரிவாக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

அதற்குப் பிறகு கோயிலில் ஒன்றைக் கவனித்தேன். பரமண்டல ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று ஒரு வரி வருமல்லவா, அந்த இடத்தில் டீச்சர் வாயை மூடிக்கொள்வார். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"லாரி நிக்கட்டும் சார். நின்ன மறுநிமிசம் மன்னிச்சிருதேன். அதுக்கு முன்னாடி மன்னிச்சா ஆண்டவரையே ஏமாத்துனதா ஆகும்."

அடக்கத்துக்கு அதிகாரியும் வந்திருந்தார், பெரிய மலர்வளையத்தோடு. ஊருக்குள் கட்டுகிற புதுப் பூங்காவுக்கு டீச்சர் பெயரை வைக்கலாம் என்று என் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"பேரு வைக்கணும்னா அந்தக் கிடங்கு கேட்டுல வைங்க சார். கீழேயே உங்க பேரையும் எழுதிருங்க" என்றேன். கையை எடுத்துக்கொண்டார்.

டீச்சரிடமிருந்து பலர் பலவற்றை எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் எடுத்து வைத்திருப்பது அவர் மன்னிக்க மறுத்ததை. லாரி நிற்கிறவரை அதை விடுவதாக இல்லை.

குழிக்கருகில் போதகர் அந்த ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்து சொன்னோம். அந்த வரி வந்ததும் நான் வாயை மூடிக்கொண்டேன். தேவராஜும் மூடிக்கொண்டான். பின்னால் நின்ற காலனி மொத்தமும் மூடிக்கொண்டது. போதகரோடு சேர்ந்து அதிகாரியின் குரல் மட்டும் கேட்டது. பாதி வரியில் அதுவும் நின்றுபோனது.