ஷெட்டுக்குக் காட்டிய மூலை

கூடுவாஞ்சேரி வீட்டின் பின்பக்கம் ஷெட் போட, மகன் இன்ஜினியரைக் கூட்டி வந்தான். அவர் மேசையில் பிளானை விரித்து, "எந்த மூலைல போடலாம்மா?" என்று என்னையும் கேட்டார்.

பின்வாசலில் நின்றால் வலது பக்க மூலையில்தான் என் முதல் குழந்தையைப் புதைத்தோம். மூச்சு விடாமலே பிறந்த பெண். இடம் தெரிந்தவர்களில் கடைசியாக இருந்த என் வீட்டுக்காரரும் போய்விட்டார். வெளியாள் முன்னால் சொல்லக் கூச்சம். தாளில் இடது மூலையைத் தொட்டுக் காட்டினேன்.

மறுநாள் சுண்ணாம்புக் கோடு அவள் மேலேயே கிடந்தது. தாளில் தெரு மேல்பக்கம் இருந்ததாம், எனக்கு இடம் வலமாகிவிட்டது.

"ஐயோ, அங்க வேணாம்டா!"

"நீதானம்மா காட்டின? எங்க வீட்டு இன்ஜினியரம்மா பிளான மாத்திட்டாங்கன்னு அவருக்கு போன் போடவா?" என்று மகன் சிரித்தான்.

"அங்க உன் அக்கா இருக்கா," என்றேன். பிறகு எல்லாம் சொன்னேன்.

அவன் குனிந்து கையாலேயே கோட்டை அழித்தான். அப்படியே உட்கார்ந்துகொண்டு, "பேரு என்னம்மா வெச்சீங்க?" என்று கேட்டான்.

வைக்கவில்லை. மூச்சு விடாத பிள்ளைக்கு எதற்குப் பெயர் என்று அன்றைக்குப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.