வெளியாள் இல்லாத ஊர்

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆவணி மாதம். துறையூருக்கு பஸ்ஸில் போய், போன காரியம் நடக்காமல் ஸ்ரீரங்கம் திரும்பிய நாள் அது.

அப்போது திருச்சி பெரிய கடைவீதியில் எனக்குத் துணிக்கடை. படிப்பு அதிகமில்லை, பேச்சு உண்டு. "பாய் துணி கிழிச்சுக் குடுக்குறதுக்குள்ள எங்க வீட்டுச் சண்டை பாதி தீந்துடுது" என்பார் கடைக்கு வரும் ஓர் அம்மா. புருஷன் பெண்டாட்டி தகராறைப் பேசித் தீர்க்கும் வேலை அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தது.

ஊருக்கு ஊர் இப்படி ஆட்கள் இருந்தார்கள். எங்களை ஒரு சங்கமாகச் சேர்த்தவர் ஸ்ரீரங்கத்து வாத்தியார் ஒருவர். இரு தரப்பையும் தனித்தனியே கேட்க வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, சொந்த வீட்டு வழக்கில் உட்காரக் கூடாது என்று ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். உப்பிலியபுரம் வரை அலைந்து, நியாயமாகப் பேசத் தெரிந்தவர் ஒருவர் விடாமல் சேர்த்துவிட்டார். மிரட்டிக் காரியம் முடிக்கிறவர்களை மட்டும் சேர்க்கவில்லை.

அந்த வருஷம் அவருடைய ஒரே மகள் ஆடிக்குத் தாய்வீடு வந்தாள். ஆவணி பிறந்தும் துறையூர்ப் புகுந்த வீட்டிலிருந்து அழைத்துப்போக யாரும் வரவில்லை. மாமியாரோடு ஏதோ மனத்தாங்கல். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. அவளுக்குப் போகத்தான் ஆசை. கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

வாத்தியார் தான் போட்ட விதிப்படி ஒதுங்கிக்கொண்டு, முதலில் உப்பிலியபுரத்து ஆளையும் அடுத்த வாரம் என்னையும் துறையூருக்கு அனுப்பினார். சம்பந்தி மரியாதையாகத்தான் பேசினார்.

"காப்பி சாப்பிடுங்க பாய். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நீங்க வாத்தியார் சங்கம். போன வாரம் உப்பிலியபுரத்துலேருந்து வந்தவரும் வாத்தியார் சங்கம். அவரு பொண்ணு விஷயத்துல அவரு ஆளுங்களே நியாயம் சொன்னா, எங்க பக்கம் யாரு பேசுறது?"

அவர் கேட்டதில் தப்பில்லை. தங்களுக்கு நம்பிக்கையான ஆள் என்று ஒருவரைச் சொன்னார். பெண்ணை நாலு பேர் நடுவில் நிறுத்தி, காலில் விழ வைத்து அனுப்புகிறவர். வாத்தியார் சங்கத்தில் சேர்க்க மறுத்தவர்களில் முதல் ஆள்.

ஸ்ரீரங்கம் வந்து சொன்னேன். அந்த ஆள் முன்னால் என் மகளை நிறுத்த மாட்டேன் என்றார் வாத்தியார். நான் நிக்கிறேம்ப்பா என்றாள் அவள். அவர் தலையை அசைத்து மறுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நல்லவங்களையெல்லாம் அப்பா தன் பக்கமே சேத்துக்கிட்டாங்க மாமா. எனக்குன்னு வெளியாள் ஒருத்தரக்கூட விட்டுவைக்கலையே."

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த ஆவணியில் யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஆவணியிலும் வரவில்லை. சங்கம் வளர்ந்தது, எங்களால் எத்தனையோ வீடுகள் ஒன்று சேர்ந்தன. வாத்தியார் மட்டும் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து போவார்.

தப்பு செய்திருந்தால் அவளிடம் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். நாங்கள் செய்ததெல்லாம் நல்லதுதான் என்பதுதான் இன்றுவரை எனக்கு ஆறாமல் இருக்கிறது.