எர்த் கம்பியைக் கழற்றியது யார்

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போயிற்று. அந்தக் காலைத் தரையில் இழுத்துக்கொண்டுதான் நடப்பேன். எனக்கு எட்டு வயதானபோது பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தினமும் மார்பளவுத் தண்ணீரில் நடக்கவைத்தால் கொஞ்சம் பலம் வரும் என்றார். தண்ணீருக்குள் உடம்பு பாரம் தெரியாது, விழுந்தாலும் அடிபடாது என்றார்.

அம்மா என்னை முதலில் கோயில் குளத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு போனாள். படிகளெல்லாம் பாசி. குளிக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஐயோ, பொட்டப் புள்ளையாச்சே" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள். வந்ததும் அப்பாவிடம், "இனிமே அங்க போவமாட்டேன். இங்கயே ஒரு தொட்டி கட்டிக் குடுங்க" என்றாள்.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். புழக்கடையில் கிணறும் சாய அடுப்புகளும் இருந்தன. இரண்டு அடுப்புகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் சிமெண்ட் தொட்டி கட்டினார். நிரப்புவதற்குக் கிணற்றடியில் சின்ன மோட்டார் வைத்தார். அதிலிருந்து ஓர் இரும்புக் குழாய் தொட்டியின் மேல் வளைந்து வந்து தண்ணீரைக் கொட்டும்.

ஒயர்மேன் வந்து இணைப்புக் கொடுத்த அன்றைக்கு அம்மா தென்னேரியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வேலியோரம் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு இரும்புக் குழாய் ஒன்றைப் புதைத்தார் ஒயர்மேன். மோட்டாரிலிருந்து அந்தக் குழிவரை தரையோடு ஒரு கம்பியை இழுத்துக் கட்டினார்.

"இதுதாங்க எர்த். மோட்டார் பாடியில கரண்ட் எறங்கிச்சின்னா இது மண்ணுக்கு இழுத்துக்கினு பூடும், ஃபியூசும் பூடும். இத்த மட்டும் தொடாதீங்க."

அப்பா தலையாட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் காலையில் அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னோடு தொட்டியில் இறங்குவாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நகர்ந்து போவாள். மோட்டார் அப்போது ஓடாது. முந்தின நாளே நிரப்பி வைத்திருப்பாள். ஒருநாள் என் கையை விட்டுவிட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் பாட்டுக்கு நடந்தேன். "இன்னாங்க, இங்க வாங்களேன்! நடக்குது பாருங்க, தானா நடக்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில் அப்பா சாயக் கையோடு ஓடிவந்தார். மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக எங்கள் வீடு அதற்கப்புறம் இருந்ததில்லை.

எர்த் கம்பி நான் தொட்டிக்குப் போகும் வழியில் குறுக்காகக் கிடந்தது. ஒருநாள் இழுத்து வந்த கால் அதில் மாட்டி, குப்புற விழுந்து என் முகவாய் கிழிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தப் பாழாப்போன கம்பி எதுக்குக் குறுக்கால கெடக்குது?"

குறடால் அதைக் கழற்றினாள். அழகாகச் சுருட்டிச் சுவரில் ஆணியில் மாட்டினாள். பிறகு மோட்டாரைப் போட்டுப் பார்த்தாள். தண்ணீர் வழக்கம்போலக் கொட்டியது. "பாத்தியா? இது இல்லாமயே ஓடுது" என்று என் முகவாயில் மஞ்சளை அப்பினாள். அப்பா நூல் கொடுக்கப் போயிருந்தார். அப்புறமும் மோட்டார் நன்றாகவே ஓடியதால் அவர் குனிந்து பார்க்கவில்லை.

ஐப்பசியில் விடாமல் மழை பெய்தது. மழை விட்ட காலையில் அம்மா தொட்டியைத் தேய்த்துக் கழுவ இறங்கினாள். மழையில் நனைந்த மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்றவள், மேலே ஏறுவதற்காகக் குழாயைப் பிடித்தாள்.

அம்மா கத்தவில்லை. தொட்டியோரம் உட்கார்ந்திருந்த என் பக்கம்தான் முகம் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கை குழாயை விடவில்லை. "அப்பா! மோட்டார்பா, மோட்டார்!" என்று நான்தான் கத்தினேன். அப்பா ஓடிவந்து முதலில் அவளிடம் போகப் பார்த்தார். என் சத்தத்தில் திரும்பி, சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். அம்மா தண்ணீரில் சரிந்தாள். அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அப்பா அவள் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவரை நிறுத்தப் பக்கத்து வீட்டார் வரவேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒயர்மேன் வந்தார். வீடு நிறைய உறவுக்காரர்கள். புழக்கடைக்குப் போய்ப் பார்த்தவர் சுருட்டிய கம்பியோடு உள்ளே வந்தார்.

"யாருங்க இத்தக் கழட்டினது? இது இருந்திருந்தா ஃபியூஸ் பூட்டிருக்குமே. அக்கா பொழச்சிருப்பாங்களே."

"அம்மாதான். நான் தடுக்கி..." என்று ஆரம்பித்தேன். அப்பா என்னைச் சட்டென்று இழுத்துத் தன் மார்போடு அமுக்கிக்கொண்டார். என் வாய் அவர் தோளில் புதைந்தது.

"நான்தான் கழட்டினேன். குறுக்கால கெடந்திச்சின்னு கழட்டிப் போட்டுட்டேன்."

தென்னேரி மாமா எழுந்து வந்து எல்லோருக்கும் முன்னால் அப்பாவை அறைந்தார். "என் தங்கச்சியக் கொன்னுட்டியேடா, பாவி." அப்பா நிமிரவில்லை, என்னையும் விடவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ விழுந்தத யார்கிட்டயும் சொல்லாதம்மா. சொன்னா உன் காலப் பாக்கும்போதெல்லாம் அத்தச் சொல்லுவாங்க. என்னியச் சொல்லட்டும், நான் தாங்கிக்குவேன். ஒயர்மேன் சொன்னத நான் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அதனால நான் சொன்னதும் பொய் இல்ல."

ஊர் அவரைத்தான் சொன்னது. பொண்டாட்டியைக் கரண்டுக்குக் கொடுத்தவன் என்று தெருவில் பேசினார்கள். மோட்டாரை அப்பா விற்றுவிட்டார். தொட்டியை இடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இடிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு காலையில் எழுந்து போனால், கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து அதை நிரப்பிக்கொண்டிருந்தார். "எறங்குமா" என்றார். அவர் இறங்கவில்லை. வெளியே குனிந்து நின்று என் கைகளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர் கண்ணீர் என் கைமேல் விழும். நான் பார்க்காததுபோல நடப்பேன். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தேன். கால் முழுதும் சரியாகவில்லை. ஆனால் யார் துணையும் இல்லாமல் பஸ் ஏறும் அளவுக்கு வந்தது.

பள்ளிப் படிப்பை முடித்த வருஷம் அந்தக் காலோடு நானே பஸ் ஏறித் தென்னேரிக்குப் போனேன். மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என் முகவாய்த் தழும்பைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

அப்பா அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "மாப்ள, பொண்ணு சொல்லிச்சி" என்றார் மாமா.

"அது சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்? நான்தான் கழட்டினேன்."

மாமா சுவரோரம் அப்படியே உட்கார்ந்தார். "இல்ல மாப்ள. அவளுக்கு எப்பவுமே கோவந்தான் முந்திக்கினு வரும். சின்ன வயசுல எனக்குக் கால்ல ஒரு மொளக்குச்சி குத்திச்சின்னு, மாடு கட்டற மொளையவே புடுங்கி ஏரில எறிஞ்சிட்டு வந்தா. மாடு ஊரெல்லாம் ஓடிச்சி."

அப்பா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆமா மச்சான்" என்றார். "அப்படித்தான் அவ." மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா செத்த அன்றைக்கும் அழாத அழுகையை அழுதார்.

நான் அடுப்படிக்குப் போய் உலை வைத்தேன். வெளியே இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார்கள்.