மொட்டைப் பனைக்கு வந்த மூன்று சார்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் ரோட்டில் ஆனந்தகுமாரின் கடை இருக்கிறது. எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குக் காயில் என்கிற கம்பிச்சுருள் கட்டுவது அவன் தொழில். செம்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றுவான். ஒரு சுற்று குறைந்தாலும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். அப்படிப்பட்டவன் நாற்பத்திரண்டு வயதில் பழைய கேமரா ஒன்றை வாங்கி ஆந்தையைப் படம் பிடிக்கக் கிளம்பியபோது ஊர் சிரித்தது. அவன் அக்கா மயிலாத்தாள் சிரிக்கவில்லை. சிரித்தவர்களில் ஒருவனுக்காவது ஒரு ஃபியூஸ் போடத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள்.

அவர்கள் தோட்டத்தின் மேற்கு வரப்பில் ஒரு மொட்டைப் பனை. அதன் பொந்தில் ஒரு ஜோடி புள்ளி ஆந்தை, மைனா அளவுதான் இருக்கும். ஊரார் அதைச் சாக்குருவி என்பார்கள். அது கத்தினால் பக்கத்தில் ஒரு சாவு விழுமாம்.

"தெனமும்தான் கத்துது. அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல இந்நேரம் ஒருத்தனும் மிஞ்சியிருக்கக் கூடாது" என்பாள் மயிலாத்தாள்.

ஆனந்தகுமாருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். பறக்கிற ஈசலை ஆந்தை பறந்தபடியே பிடிக்கிற படம். பனைக்கு அடியில் இருக்கும் புற்றிலிருந்து வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழை முதல் தடவை விட்டு வெறிக்கும்போது ஈசல் கிளம்பும். வருஷத்தில் ஒரு சாயங்காலம், அரை மணி நேரம், அவ்வளவுதான். போன வருஷம் எடுத்த படம் கலங்கிப்போனது. ஆந்தை ஒரு சாண் முன்னால் வந்துவிட்டது. ஒரு சாணுக்கு ஒரு வருஷம்.

இந்த வருஷம் அவன் ஆந்தை இறங்கும் வழியைப் பத்து நாள் பார்த்துக் குறித்துக்கொண்டான். பகலில் மயிலாத்தாள் ஸ்டூல் மேல் ஏறி, புற்றுக்கு மேலே ஒன்பதடி உயரத்தில் ஈர்க்குமாறைத் தூக்கிப் பிடித்தாள். அவன் அதன் நுனி தெளிவாகத் தெரியும்வரை லென்ஸ் வளையத்தைத் திருப்பி, அது அசையாதபடி மோட்டாருக்குச் சுற்றும் டேப்பை ஒட்டினான்.

"அக்கா, இன்னும் நாலு விரக்கடை எடப்பக்கம்."

"ஆந்தை வேஷம் போட வெச்சுட்டியே கண்ணு. கண்ணையும் உருட்டட்டுமா?"

கெடுத்ததும் அவனேதான். கலங்கிய படத்தைப் பறவைப் படம் எடுப்பவர்களின் ஃபோன் குரூப்பில் போட்டு, என்ன தப்பு என்று கேட்டிருந்தான். ரிஜின் என்ற எர்ணாகுளத்துக்காரர் தப்பைச் சொல்லவில்லை. இடம் எது என்று கேட்டார். இவன் வழி சொன்னான். மழை விட்ட அன்று ரிஜினோடு சேர்த்து மூன்று பேர் காரில் வந்து இறங்கினார்கள். தென்னந்தோப்புக்குள் வருவதற்குப் பட்டாளத்துப் பச்சை உடுப்பு, அதே பச்சையில் தொப்பி, போர்வெல் குழாய் தடிமனில் லென்ஸ். கூடவே ஒரு பெரிய வெள்ளை விளக்கு.

"ஆனந்தா, இவிட பிளக் பாயிண்ட் உண்டோ?" என்றார் ரிஜின்.

மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்தவனும் இவனே. விளக்கைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் திக்கென்றது.

"சார், லைட்டு போட்டா ஈசல் பூராவும் லைட்டுக்குப் போயிருமுங்க. ஆந்தை எறங்காதுங்க."

"லைட் இல்லாம ஷார்ப்னஸ் கிட்டாது ஆனந்தா. நீ கண்டு படிச்சுக்கோ."

வறுத்துத் தின்பதற்காக விளக்கு வைத்து ஈசல் பிடிக்காத பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது. நாலு வயதில் தெரிகிற விஷயம் நாற்பது வயதில், இத்தனை பெரிய லென்ஸ் வைத்துக்கொண்டு, தெரியவில்லையே என்று மயிலாத்தாள் அவர்களைப் பார்த்தாள். அவர்கள் அவளைப் பார்க்கவே இல்லை.

ஏழு பத்துக்குப் புற்று வாய் திறந்தது. கிளம்பிய ஈசல் எல்லாம் நேரே விளக்குக்குப் போனது. சார்களின் தொப்பிக்குள், சட்டைக்குள், ஒருவர் வாய்க்குள். ஆந்தை இரண்டும் பனை மேலிருந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. ஆனந்தகுமார் கேமராவுக்குப் பின்னால் அழாத குறையாக நின்றான். "சார், ஒரு அஞ்சு நிமிசம் மட்டும் நிறுத்துங்க சார்" என்று இரண்டு தடவை கேட்டான். யாரும் திரும்பவில்லை.

மயிலாத்தாள் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள்.

"கரண்ட் போயோ சேச்சி?"

"போயிருச்சுங்க. மழை விழுந்தா அப்படித்தானுங்க. வரும், வரும்."

இரண்டு நிமிஷத்தில் புற்றுக்கு மேலே ஈசல் மறுபடி திரண்டது. முதல் ஆந்தை சிறகடிக்காமல் சரிந்து இறங்கி, நாம் கையால் எடுப்பதுபோல் காலால் ஒன்றை எடுத்தது. ஆனந்தகுமார் குச்சிகளில் கட்டியிருந்த இரண்டு சின்ன ஃபிளாஷ்களும் மின்னின. சார்கள் இருட்டில் சட்டையை உதறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் லென்ஸைத் தூக்கினார். அத்தனை பெரிய லென்ஸுக்கு அத்தனை பக்கத்தில் இருப்பது தெரியாதாம்.

ஏழு முப்பத்தாறுக்கு ஈசல் ஓய்ந்தது. முப்பத்தொரு படத்தில் இருபத்தாறாவது படம்தான் அவன் தேடியது. நகம் மூடுகிறது, ஈசலின் உதிர்ந்த இறகு ஒன்று தனியாக அந்தரத்தில் நிற்கிறது, ஆந்தையின் காலில் இருக்கும் மயிர் எண்ணும்படி தெரிகிறது. மயிலாத்தாள் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுக் கேமராவை வாங்கிப் பார்த்தாள். பிறகு போய்ப் பிளக்கைச் சொருகினாள்.

"கரண்ட் வந்நு!" என்று மூன்று பேரும் ஓடிப்போய் உட்கார்ந்தார்கள்.

"நீதான் புடுங்குனயா அக்கா?"

"பின்னே, ஆந்தையா வந்து புடுங்குச்சு?"

"பாவம்க்கா. அவ்வளவு தூரம் வந்திருக்காங்க. முடிஞ்சுபோச்சுன்னாவது சொல்லிட்டு வர்றேன்."

"போ. போய்ச் சொல்லிப் பாரு."

போனவன் அதே வேகத்தில் திரும்பி வந்தான். "நம்ப மாட்டேங்கறாங்கக்கா. ராத்திரி பூராவும் ஈசல் வரும்னு நெட்ல போட்டிருக்குதாமா."

"அப்ப நெட்டே வந்து பறக்கட்டும்."

எட்டரை மணி வரை மூன்று குழாய்களும் வெறும் புற்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. கிளம்பும்போது ரிஜின் கார்க் கண்ணாடியை இறக்கி, "இவிட பேர்ட்ஸ் கொறவாணு ஆனந்தா" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனந்தகுமார் படத்தைக் காட்டவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. உனக்கு ஏதாவது கிடைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை.