கசில்தா மாற்றிய தண்ணீர்

ஒத்திலியாவின் முற்றத்தில் வரிசையாக இருந்த பச்சைத் தொட்டிகளைப் பார்த்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். எனக்கே சுளித்திருக்கிறது. ஆனால் அந்தப் பாசித் தண்ணீரில் துள்ளும் நீர்த்தெள்ளுதான் அவள் வளர்த்த குஞ்சுகளுக்குச் சோறு. நான் சொச்சிமில்கோ கால்வாய்களில் படகு தள்ளிப் பிழைக்கிறவன், பெயர் நபோர். தோட்டத் திட்டுகளுக்கு நடுவே வலை வீசி அந்தத் தெள்ளை வாளியில் அள்ளிப்போய் அவளுக்குக் கொடுப்பேன்.

அவள் வளர்த்தது ஆக்சலாட்டில், தண்ணீரிலேயே வாழும் பல்லி மாதிரிப் பிராணி. நாங்கள் அஹோலோத்தே என்போம். கடைக்காரர்கள் கேட்பதெல்லாம் வெள்ளையும் ரோஜா நிறமும். அவற்றை விற்றுத்தான் அவள் வயிறு கழுவினாள். உயிரை வைத்திருந்ததோ, கறுப்பாக மூலையில் கிடந்த ஒரு கிழப் பெட்டைமேல். புருஷன் ஃபுல்ஹென்சியோ சாவதற்குச் சற்று முன்னால் அவன் வலையில் சிக்கிய கால்வாய்ப் பெட்டை அது. கெண்டை, திலேப்பியா மீன்கள் வந்து வாய்க்காலை அடைத்த பிறகு அப்படி ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை.

பெட்டை முட்டையிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. இனி இடாது என்றுதான் இருந்தோம். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் போனால், தொட்டிச் செடி முழுக்க முட்டை. ஒத்திலியா முழங்காலில் உட்கார்ந்து இலை இலையாகக் கிள்ளி வேறு தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"விட்டா பெத்தவளே தின்னுருவா. பாசமும் கிடையாது, பசியும் அடங்காது," என்றாள்.

"உன் மாமியார் மாதிரின்னு சொல்லு."

"செத்தவங்களைப் பேசாத, நபோரு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாகியிருந்தது.

வெளுத்துப்போன முட்டைகளைப் பொறுக்கி எறிந்தாள், பக்கத்து முட்டைக்குப் பூஞ்சை தொற்றிவிடும் என்று. மிச்சமெல்லாம் பொரிந்தன. நூலளவு உடம்பு, இரண்டு கண் புள்ளி, அவ்வளவுதான். முன்னங்கால் முளைத்ததும் ஒன்றன் காலை மற்றொன்று கடித்துத் தின்னும் என்பதால் பாத்திரக்கடையில் கடன் சொல்லி மேலும் தொட்டிகள் வாங்கி வந்தாள். "இதுல பத்து பெருசானா போதும். அவரு பிடிச்ச வம்சம் நிலைச்சுரும்," என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் குழந்தை யேசு அவள் வீட்டுக்கு வரும் முறை வந்தது. எங்கள் ஊரில் குழந்தையின் சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீட்டுக்கு வரும். முறைக்கு எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிடைத்துவிட்டால் தெருவே கூடி வீட்டைக் கழுவும், பூ வளைவு கட்டும், சோளமாவு அரைக்கும்.

குழந்தை வருவதற்கு முந்தின நாள் கசில்தா வந்தாள், கையில் துடைப்பமும் குளோரின் பாட்டிலுமாக. அவள் மகள் நியேவெஸுக்கு ஒத்திலியாதான் ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். நியேவெஸ் பிரசவத்தில் போனாள், பிள்ளையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு கசில்தா தன் வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை. அவளைப் பார்த்ததும் ஒத்திலியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முற்றத்தை அவளிடம் ஒப்படைத்துவிட்டு மாவு மில்லுக்குப் போனாள்.

நான் தெள்ளு வாளியோடு போனதும், அவள் மாவுக் கூடையோடு திரும்பியதும் ஒரே நேரம். தொட்டிகள் பளபளவென்று இருந்தன. தண்ணீர் அடிவரை தெரிந்தது.

"எப்படி இருக்கு, கொமாத்ரே? குழந்தை வர்ற வீட்டுல அந்தப் பாசியை வைக்கலாமா? வடிகட்டியில ஒண்ணொண்ணா எடுத்து வச்சு, தொட்டியெல்லாம் குளோரின் போட்டுத் தேய்ச்சு, குழாய்த் தண்ணி ரொப்பி விட்டேன். ஒரு குஞ்சுகூட நசுங்கல," என்றாள் கசில்தா. பாவாடை முழுக்க ஈரம்.

குஞ்சுகள் பக்கவாட்டில் மிதந்தன. சில இன்னும் வெட்டி வெட்டி இழுத்தன. என் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். ஒத்திலியா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"நல்லா இருக்கு, கொமாத்ரே. அடுப்புல கஞ்சி அடிபிடிக்கும், போய்க் கொஞ்சம் கிண்டேன்," என்றாள்.

கசில்தா உள்ளே போனதும், குளோரின் போக வெயிலில் வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினோம். என் வாளியிலிருந்த வாய்க்கால் தண்ணீரையும் ஊற்றினோம். பொழுது சாய்வதற்குள் குஞ்சு ஒன்றும் மிஞ்சவில்லை. கறுப்புப் பெட்டையும் மற்றப் பெரியவையும்தான் தாக்குப்பிடித்தன.

"அவகிட்ட நான் சொல்றேன். செஞ்சது என்னன்னு தெரிய வேண்டாமா?" என்றேன்.

"சொன்னா என் வாசப்படி மிதிக்காத. புள்ளையைப் புதைச்சவ, நபோரு. இன்னைக்குத்தான் எந்திரிச்சு வந்திருக்கா. இதையும் அவ தலையில ஏத்தணுமா?"

மறுநாள் வாணவேடிக்கையும் பாண்டு வாத்தியமுமாகக் குழந்தை வந்தது. ஒத்திலியா சாம்பிராணிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சிரித்த முகமாக வரவேற்றாள். கசில்தா சுரூபத்தின் பாதத்தில் நெற்றியை வைத்து வெகுநேரம் அழுதாள். எழுந்தவள் என்னிடம், "நியேவெஸ் போன பிறகு என் கை ஒரு வேலைக்கு ஆனது நேத்துதான்," என்றாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

கறுப்புப் பெட்டை மறுபடி முட்டையிடவில்லை. தவக்காலத்தில் செத்து மிதந்தது. ஃபுல்ஹென்சியோவின் தோட்டத் திட்டிலேயே குழி தோண்டினேன். ஒத்திலியா சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு செத்தப்பகூட நான் இப்படித் தனியா நிக்கல. இனி அவரு கை பட்டது எதுவும் இல்ல," என்று வாய்விட்டு அழுதாள்.

கசில்தாவும் எங்களோடு வந்திருந்தாள். ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அழாத, கொமாத்ரே. நான் இருக்கேன்ல. இனி தினமும் வர்றேன். தொட்டியெல்லாம் நானே கழுவித் தர்றேன்."

ஒத்திலியா அவள் தோளில் முகம் புதைத்து, "வா," என்றாள்.